ஹேஸ் ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீடு: யார்க் ஃபாக்டரி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் மனிடோபா மாகாணத்து வடகோடியில், ஹேஸ் ஆறு ஹட்சன் விரிகுடாவில் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால், கரைமேட்டில் வெள்ளை பூசிய மரக்கட்டடம் ஒன்று தனியாக நிற்கிறது. முகப்பின் நடுப்பகுதி மூன்று அடுக்கு, இருபுறமும் பின்புறமும் இரண்டு அடுக்கு, நடுவே திறந்த முற்றம். இங்கே வரச் சாலை கிடையாது, ரயிலும் கிடையாது. வடமேற்கே இருக்கும் சர்ச்சில் துறைமுகம் 200 கிலோமீட்டருக்கு அப்பால். கோடையில் சிறு விமானத்திலோ ஆற்றுவழிப் படகிலோ வருகிறவர்கள் மட்டும்தான் வரமுடியும். பனிக்கரடிகள் நடமாடும் இடம் என்பதால் துப்பாக்கியோடு ஒரு காவலர் உடன் வருவார்.

இதுதான் யார்க் ஃபாக்டரி. 1684 முதல் 1957 வரை, 273 ஆண்டுகள், ஹட்சன் பே கம்பெனியின் ரோமத்தோல் வணிகம் நடந்த இடம். பழைய நாட்குறிப்புகளில் ‘யார்க் கோட்டை’ என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் கோட்டை என்று சொல்லும்படி இப்போது அங்கே மதிலும் இல்லை, கொத்தளமும் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரு கிடங்கு, கல்லால் கட்டிய வெடிமருந்து அறையின் இடிபாடு, ஒரு கல்லறைத் தோட்டம், அப்புறம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் மூன்று நூற்றாண்டுச் சாமான்கள்.

மூன்று முறை எதிரி கையில் விழுந்த இந்தக் கோட்டை இத்தனை காலம் எதனால் நீடித்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அந்த இடத்தை இப்போது பாதுகாக்கிறோம் என்னும்போது நாம் பாதுகாப்பது எதை என்பதும் அதோடு ஒட்டிவருகிறது.

பெயரில் இருக்கும் குழப்பம்

‘ஃபாக்டரி’ என்றதும் தொழிற்சாலை என்று எடுத்துக்கொண்டால் பொருள் மாறிவிடும். இங்கே எதுவும் பெரிய அளவில் உற்பத்தியாகவில்லை. கம்பெனிக்காகத் தொலைநாட்டில் வாங்கி விற்கும் முகவருக்கு ஆங்கிலத்தில் ‘ஃபாக்டர்’ என்று பெயர். அவர் இருந்து வணிகம் செய்யும் இடம் ஃபாக்டரி. தமிழ் வாசகருக்கு இது புதிய ஏற்பாடல்ல. 1611-இல் மசூலிப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி திறந்ததும், 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் வாங்கித் தொடங்கியதும் இதே பொருளில் ஃபாக்டரிகள்தாம். பண்டகசாலை என்பது நம்மிடம் இருந்த சொல். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் துணி மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதிய அதே வகை ஆட்கள், பூமியின் மறுகோடியில் பனிக்குள் உட்கார்ந்து தோல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தொடக்கமும் அதே மாதிரிதான். ராடிசன், குரோசெய்யே என்ற இரண்டு பிரெஞ்சு வணிகர்கள், வடக்கே கடல்வழியாகவே ரோமத்தோல் நாட்டுக்குள் நுழைய முடியும் என்று ஆங்கில அரசவையை நம்பவைத்தார்கள். 1668-இல் ‘நான்சச்’ என்ற சிறு கப்பல் போய், அடுத்த ஆண்டு தோல்களோடு திரும்பியது. 1670 மே 2-ஆம் தேதி இரண்டாம் சார்லஸ் மன்னர் பட்டயம் கொடுத்தார். ஹட்சன் விரிகுடாவில் வடியும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம் என்றது அந்தப் பட்டயம். இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிலப்பரப்பு அது. கொடுத்த மன்னர் அதைப் பார்த்ததில்லை. அங்கே வாழ்ந்த கிரீ, டெனே, அசினிபோயின் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. 1684-இல் ஹேஸ் ஆற்றின் வடகரையில் எழுந்த நிலையத்துக்கு, அப்போது கம்பெனியின் கவர்னராக இருந்த யார்க் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது.

உடுத்திப் பழசான தோலுக்கு விலை அதிகம்

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது தொப்பி. பீவர் என்பது ஓடைகளை அடைத்து அணை கட்டி வாழும், பட்டை வால் கொண்ட ஒரு கொறிவிலங்கு. அதன் தோலில் மேலே முரட்டு மயிரும் அடியில் மெல்லிய உள்மயிரும் இருக்கும். அந்த உள்மயிரின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தினால் மயிரோடு மயிர் கொளுவிக்கொண்டு கெட்டியான ஃபெல்ட் துணியாகிவிடும். மழை தாங்கும், வடிவம் குலையாது. ஐரோப்பாவில் மதிப்புள்ள ஆணின் தலையில் இந்தத் தொப்பி இல்லாமல் இருக்காது. அங்கிருந்த பீவர்களை முன்பே வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே வட அமெரிக்கா.

இந்த வணிகத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கிரீ மக்கள் பீவர் தோல்களை இணைத்துத் தைத்து, மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி குளிர்காலம் முழுக்க அணிவார்கள். ஓராண்டு, அதற்கு மேலும் உடுத்தினால் உடம்புச் சூட்டிலும் எண்ணெய்ப்பசையிலும் முரட்டு மயிர் தானாக உதிர்ந்துவிடும். தொப்பிக்காரர் செய்யவேண்டிய கடினமான வேலை அதிலேயே முடிந்தது. அதனால் புதிதாக உரித்து உலர்த்திய தோலைவிட, உடுத்திப் பழசான தோலையே தொப்பிக்காரர்கள் தேடி வாங்கினார்கள். லண்டனில் ஒரு பெரிய மனிதர் தலையில் வைத்திருந்த தொப்பி, அதற்கு முன் ஹேஸ் ஆற்றுப் பக்கத்தில் யாரோ ஒரு கிரீக் குடும்பத்துக்குக் குளிர் காத்த போர்வை.

கையில் காசு கிடையாது, பீவர்தான் காசு. நல்ல பருவத்தில் பிடித்த முழு வளர்ச்சி பெற்ற ஒரு பீவரின் தோல் ஓர் அலகு. அதற்கு ‘மேட் பீவர்’ என்று பெயர். மற்ற விலங்குகளின் தோல்களையும் கம்பெனிச் சரக்கையும் அந்த அலகிலேயே கணக்கிட்டார்கள். துப்பாக்கியை நட்டுவைத்து அதன் உயரத்துக்குத் தோல் அடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது உண்மையல்ல. விலைப்பட்டியல் இருந்தது, 18-ஆம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கிக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 14 பீவர் வரை. ஆனால் பட்டியலுக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருந்தது. வெடிமருந்தும் துணியும் அளந்து போடும்போது ஃபாக்டர்கள் கொஞ்சம் குறைத்தே போட்டார்கள். அப்படி மிஞ்சியதைக் கம்பெனிக் கணக்கில் ‘ஓவர்பிளஸ்’ என்று தனியாகவே எழுதினார்கள். முதலாளிகளுக்கும் தெரிந்து நடந்த காரியம் அது.

மறுபக்கம் இருந்தவர்கள் ஏமாளிகளாக இருக்கவில்லை. கோடைத் தொடக்கத்தில் உள்நாட்டிலிருந்து படகுக் கூட்டங்கள் வரும். நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, உடை திருத்திக்கொண்டு, துப்பாக்கி வெடித்து வருகை சொல்வார்கள். உள்ளேயிருந்து பதில் வெடிக்கும். கூட்டத் தலைவருக்குக் கம்பெனி கோட்டும் தொப்பியும் அணிவிக்கும். ரொட்டி, உலர்பழம், பிராந்தி, புகையிலை வரும். புகைக்குழாயை எல்லோரும் மாற்றி மாற்றிப் புகைத்த பிறகுதான் பேச்சே. தலைவர் ஆற்றும் உரைகளை அன்றைய அதிகாரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றில் அளவை நிறைவாகப் போடவேண்டும், துப்பாக்கி நல்லதாக இருக்கவேண்டும் என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. புகையிலை என்றால் பிரேசில் புகையிலைதான் வேண்டும்; வேறு வகையைக் கம்பெனி தள்ளிவிட முடியவில்லை. மோன்ட்ரியால் பக்கத்துப் பிரெஞ்சு வணிகர்கள் போட்டிக்கு இருந்தவரை, பிடிக்காவிட்டால் அங்கே போய்விடுவோம் என்ற பலமும் இவர்களிடம் இருந்தது. தவிர, வந்தவர்களில் பலர் தாமே வேட்டையாடியவர்கள் அல்ல. தொலைவில் உள்ள மக்களிடம் பழைய துப்பாக்கியையும் கெண்டியையும் நல்ல லாபத்துக்கு விற்றுத் தோல் வாங்கி வந்த இடைவணிகர்கள்.

தனடெல்தூர்

இந்த இடத்தின் வரலாற்றில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் சொல்லலாம் என்றால் நான் தனடெல்தூரைச் சொல்வேன்.

அவர் டெனே இனத்து இளம்பெண். வடக்கே வாழ்ந்த டெனே மக்களுக்கும் கிரீ மக்களுக்கும் பழைய பகை. கிரீக்களிடம் கம்பெனித் துப்பாக்கி வந்தபின் அந்தப் பகையில் டெனேக்கள் பக்கம் அழிவு கூடிப்போனது. 1713-இல் ஒரு தாக்குதலில் தனடெல்தூர் பிடிபட்டார். அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் இன்னொரு டெனேப் பெண்ணோடு தப்பினார். சொந்த ஊர் போய்ச் சேர முடியவில்லை, குளிர் பிடித்துக்கொண்டது. கூட வந்தவர் இறந்துபோனார். அதற்குச் சில நாள் கழித்து, வாத்து வேட்டைக்கு வந்திருந்த கம்பெனி ஆட்களின் தடத்தைக் கண்டு தனடெல்தூர் அவர்களிடம் வந்து சேர்ந்தார். 1714 நவம்பரில் யார்க் ஃபாக்டரிக்கு அழைத்து வரப்பட்டார்.

அப்போது அங்கே கவர்னராக இருந்தவர் ஜேம்ஸ் நைட். டெனே நாட்டோடு நேரடி வணிகம் வேண்டும், வடக்கே இருப்பதாகச் சொல்லப்பட்ட செம்பும் வேண்டும் என்பது அவர் கனவு. அதற்குச் சமாதானம் வேண்டும். சமாதானம் பேச மொழி தெரிந்த ஆள் வேண்டும். 1715 ஜூனில் ஏறத்தாழ 150 கிரீக்கள், வில்லியம் ஸ்டூவர்ட் என்ற கம்பெனி ஊழியர் ஆகியோரோடு தனடெல்தூர் புறப்பட்டார். வழியில் நோய், பசி. கூட்டம் சிதறியது, பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் முன்னேறியபோது, வேறொரு கிரீக் குழு கொன்றுபோட்டிருந்த டெனேக்களின் உடல்கள் கண்ணில் பட்டன. பழி தங்கள் மேல்தான் விழும் என்று கிரீக்கள் நடுங்கித் திரும்பப் பார்த்தார்கள். பத்து நாள் பொறுங்கள், நான் என் மக்களை அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தனியாகப் பனிவெளிக்குள் நடந்தார்.

பத்தாம் நாள் நூற்றுக்கும் மேற்பட்ட டெனேக்களோடு வந்தார். அவர்களை இணங்கவைக்கப் பேசிப்பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது என்று ஸ்டூவர்ட் சொன்னதை நைட் எழுதிவைத்திருக்கிறார். சமாதானம் ஆனது. 1716 மே மாதம் சில டெனேக்களோடு யார்க் ஃபாக்டரி திரும்பினார். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கி, அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டார். தரம் கெட்ட தோலைக் கொண்டுவந்த டெனே ஒருவரைத் திட்டித் தீர்த்ததாகவும் பதிவு உண்டு. 1717 பிப்ரவரி 5-ஆம் தேதி நோயில் இறந்தார். இப்படி உறுதி படைத்த ஒருவரைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று நைட் குறிப்பில் வருந்துகிறார். அதே ஆண்டில் டெனே வணிகத்துக்காகச் சர்ச்சில் ஆற்றில் புதிய நிலையம் எழுந்தது.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. நைட்டின் நாட்குறிப்பில் அவருக்குப் பெயர் கிடையாது; ‘அடிமைப் பெண்’ என்றுதான் வருகிறது. தனடெல்தூர் என்ற பெயரைக் காப்பாற்றி வைத்தது டெனே மக்களின் வாய்மொழிக் கதைகள். பின்னாளில் கனடா அரசு தேசிய வரலாற்று ஆளுமை என்று அறிவித்தபோது ஊன்றிக்கொள்ளக் கிடைத்தது அந்தக் கதைகள் தந்த பெயர்தான். எழுத்தை மட்டும் நம்பியிருந்தால் இன்று நாம் அவரை என்னவென்று கூப்பிட்டிருப்போம்?

போர்கள்

சண்டைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1694-இல் பிரெஞ்சுக்காரர் இபர்வீல் கைப்பற்றினார். 1696-இல் ஆங்கிலேயர் மீட்டனர். 1697 செப்டம்பரில் இபர்வீல் ‘பெலிக்கான்’ என்ற ஒற்றைக் கப்பலோடு மூன்று ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்து வென்று மறுபடி பிடித்தார். 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்குத் திரும்பி வந்தது. நைட் வந்து 1714-இல் பொறுப்பேற்றார். 1782-இல் லா பெரூஸ் தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து எரித்துவிட்டுப் போனது.

அதே படையெடுப்பில் சர்ச்சிலில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கே கம்பெனி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டையைப் பல பத்தாண்டுகள் கல்லால் கட்டியிருந்தது. தடித்த மதில், 40 பீரங்கி. ஆனால் உள்ளே 40 பேர்கூட இல்லை. ஒரு குண்டுகூட வெடிக்காமல் சரணடைந்தார்கள். கோட்டை என்று பார்த்தால் இரண்டுமே தோற்றவைதான். ஆனாலும் யார்க் ஃபாக்டரி மறு ஆண்டே மீண்டும் இயங்கத் தொடங்கியது. மதில் அல்லாத வேறு ஏதோ ஒன்றுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

லா பெரூஸைவிடப் பெரிய அழிவு அதே 1782-இல் உள்நாட்டிலிருந்து வந்தது. பெரியம்மை. சமவெளியிலிருந்து ஆறுகள் வழியே பரவி விரிகுடா வரை வந்த அந்த நோய் கிரீக் குடும்பங்களைக் கூண்டோடு அழித்தது. படகுக் கூட்டங்கள் வரவில்லை. தோல் வரத்து விழுந்தது. கம்பெனிக் கணக்கில் அது வணிகச் சரிவு. கிரீக்களுக்கு அது பாட்டன் பாட்டி, பேரன் பேத்தி எல்லோரையும் ஒரே பருவத்தில் பறிகொடுத்த காலம்.

சோறு போட்டவர்கள்

ஹேஸ் ஆற்று முகத்தில் கோதுமை விளையாது. லண்டனிலிருந்து கப்பல் ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக் கடைசியில் பனிக்கட்டி விலகும் சில வாரங்களில்தான் வரும். ஆற்றில் ஆழம் போதாமல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகுகளில் சரக்கை இறக்குவார்கள். அந்த ஒரு கப்பலில் வரும் மாவையும் உப்பிட்ட இறைச்சியையும் நம்பி ஓராண்டு ஓட்ட முடியாது.

நிலையத்தைச் சுற்றி வாழ்ந்த சதுப்புநிலக் கிரீக்களைக் கம்பெனிக்காரர்கள் ‘ஹோம்கார்ட்’ என்று குறிப்பிட்டார்கள். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் வானத்தை மறைத்துக்கொண்டு பறக்கும் காட்டு வாத்துகளை ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள். பீப்பாய் பீப்பாயாக உப்பிட்டு வைத்த அந்த வாத்துதான் குளிர்காலச் சாப்பாடு. கரிபூ மான் இறைச்சியும் மீனும் அவர்கள் கொண்டுவந்ததுதான். கிரீப் பெண்கள் பின்னிக் கொடுத்த பனிமிதியடி இல்லாமல் ஒரு வெள்ளைக்காரரும் வாசலைத் தாண்டிப் போயிருக்க முடியாது. தோல் பதப்படுத்துவது, மொக்கசின் என்ற மென்தோல் காலணி தைப்பது, முயலுக்குக் கண்ணி வைப்பது எல்லாம் பெண்கள் கையில் இருந்தது.

கம்பெனி தொடக்கத்தில் ஊழியர்கள் உள்ளூர்ப் பெண்களோடு பழகக் கூடாது என்று தடைபோட்டது. தடை காகிதத்தில் இருந்தது. நாட்டு வழக்கப்படி நடந்த திருமணங்கள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நிலையமே ஓர் உறவுமுறையாக வளர்ந்தது. ஊழியர்களில் பெரும்பங்கு ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் ஆர்க்னித் தீவுகளிலிருந்து வந்தவர்கள். கப்பல் ஸ்ட்ரோம்னஸ் துறையில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். ஆர்க்னி வம்சப் பெயர்களை இன்றும் வட மனிடோபாக் கிரீக் குடும்பங்களில் காணலாம்.

இந்த உறவுதான் யார்க் ஃபாக்டரியைத் தாங்கியது என்பது என் முடிவு. பீரங்கியைப் பிடுங்கிப் போனாலும், கட்டடத்தை எரித்துப் போனாலும், அடுத்த வசந்தத்தில் வாத்து வேட்டைக்குக் கிரீக்கள் இருந்தார்கள். அதனால் அடுத்த கப்பல் வந்தபோது அங்கே வாழ முடிந்தது.

அசைந்து கொடுக்கும் கட்டடம்

1774-இல் கம்பெனி உள்நாட்டில் கம்பர்லேண்ட் ஹவுஸ் என்ற நிலையத்தைத் திறந்தது. மோன்ட்ரியால் வணிகர்கள் கிரீக்களின் வாசலுக்கே போய் வாங்கத் தொடங்கியதால் வேறு வழியில்லை. அதன்பின் யார்க் ஃபாக்டரி ஜன்னல் வழியே தோல் வாங்கும் கடையாக இருந்த நிலை மாறி, உள்நாட்டு நிலையங்களுக்கெல்லாம் சரக்கு அனுப்பும் தலைமைக் கிடங்காயிற்று. 1821-இல் போட்டியாளரான நார்த் வெஸ்ட் கம்பெனி இதோடு இணைந்தது. அடுத்த அரை நூற்றாண்டு இதன் உச்சம். ‘யார்க் படகு’ என்ற பெயரே இங்கிருந்து வந்தது. பட்டைத் தோணிகளைவிடப் பன்மடங்கு சுமை தாங்கும், துடுப்பும் பாயும் கொண்ட மரப்படகு அது. எதிரோட்டத்தில் இழுத்து, அருவி வரும் இடங்களில் கரையேற்றி உருட்டி, நார்வே ஹவுஸ் என்ற உள்நாட்டு நிலையம் வரையும் அதற்கு அப்பாலும் கொண்டுபோனார்கள்.

இத்தனை சரக்குக்கும் கட்டடம் வேண்டும். 1788-இல் வெள்ளத்துக்குத் தப்பி மேடான இடத்துக்கு மாறியபோது, கல்லும் செங்கல்லும் வைத்து எண்கோண வடிவில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். ஆனால் அங்கே நிலத்தடி மண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும். மேல்மண் மட்டும் கோடையில் இளகிச் சேறாகி, குளிரில் மறுபடி உறைந்து உப்பும். ஒவ்வோர் ஆண்டும் தரை கட்டடத்தைத் தூக்கிப் போடும். எண்கோணக் கட்டடம் வெடித்துப் பாழாகி, கடைசியில் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

1830-களில் அந்த இடத்தில் எழுந்ததுதான் இன்று நிற்கும் கிடங்கு. இந்த முறை கல்லை விட்டார்கள். மரச்சட்டங்களை இறுக்கிப் பூட்டாமல், நிலம் ஏறி இறங்கும்போது கூடவே கொஞ்சம் அசைந்து கொடுக்கும்படி கோத்தார்கள். ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழிந்தும் நிற்கிறது. உறைமண் மீது கட்டப்பட்டு இன்றும் நிற்கும் கனடாவின் மரக்கட்டடங்களில் மிகப் பழையதும் பெரியதும் இதுதான். உள்ளே சுவர்களில் வேலையாட்கள் கீறிவைத்த பெயர்களும் ஆண்டுகளும் அப்படியே இருக்கின்றன.

கிரீ மொழியில் இந்த இடத்துக்குப் பெயர் ‘கிச்சி வாஸ்காஹிகன்’. பெரிய வீடு என்று பொருள். அவர்கள் வாயில் ஃபாக்டரியும் இல்லை, கோட்டையும் இல்லை.

வணிகம் ஓய்ந்தது

வீழ்ச்சி பல பக்கத்திலிருந்தும் வந்தது. 1840-களில் பட்டுத் தொப்பி பரவி பீவர் தொப்பி வழக்கொழிந்தது. 1859-இல் சிவப்பாற்றில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், அமெரிக்காவின் செயின்ட் பால் வழியாகச் சரக்கு வருவது எளிதாகவும் மலிவாகவும் ஆனது. 1870-இல் கம்பெனி தன் பெருநிலத்தை 3,00,000 பவுனுக்குக் கனடாவிடம் கைமாற்றியது. அந்தப் பேரத்திலும் அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்கவில்லை. முதல்குடிகளுக்கும் ஐரோப்பியருக்கும் பிறந்த கலப்பு வம்சத்தவரான சிவப்பாற்று மெட்டீ மக்கள் லூயி ரியல் தலைமையில் எழுந்தது அதனால்தான். 1870-களின் நடுவில் யார்க் ஃபாக்டரி தலைமையிடம் என்ற நிலையை இழந்தது. எதிரே நெல்சன் ஆற்று முகத்தில் ரயில் முனையம் ஒன்றை 1910-களில் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்டார்கள். 1929-இல் ரயில் சர்ச்சிலுக்குப் போனது.

மக்கள் மட்டும் இருந்தார்கள். 1910-இல் இங்கே கிரீக்கள் கனடா அரசோடு ஐந்தாம் ஒப்பந்தம் எனப்படும் நில ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வேட்டை, கண்ணி, மீன், தேவாலயம், கம்பெனிக் கடை என்று வாழ்க்கை ஓடியது. 1957-இல் கம்பெனி கதவைச் சாத்தியது. அங்கிருந்த சமூகம் சுமார் 250 கிலோமீட்டர் உள்ளே, ஸ்பிளிட் ஏரிக்கரையில் யார்க் லேண்டிங் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டது. கடலோர மக்கள் ஏரிக்கரை மக்களானார்கள். வாத்துப் பாதை வேறு, மீன் வேறு, பனி வேறு.

அதே 1957-இல் ஸ்பிளிட் ஏரிக்கு மேலே நெல்சன் ஆற்றில் ஒரு நீர்மின் அணையின் வேலை தொடங்கியது. தாம்சன் நிக்கல் சுரங்கத்துக்கு மின்சாரம் தருவதற்கு. அந்த அணைக்குக் கெல்சி என்று பெயர். 1690-இல் யார்க் ஃபாக்டரியிலிருந்து உள்நாட்டுச் சமவெளிக்கு நடந்துபோன கம்பெனி ஊழியர் ஹென்றி கெல்சியின் பெயர். அவரை வழிநடத்திக் கூட்டிப்போனவர்கள் உள்நாட்டு மக்கள். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் புதிய ஏரியின் நீர்மட்டத்தை, அதன்பின் அடுத்தடுத்து வந்த நீர்மின் திட்டங்கள் மாற்றிக்கொண்டே இருந்தன. கடைசியாக வந்த கீயாஸ்க் அணைத் திட்டத்தில் இடம்பெயர்ந்த இந்தக் கிரீச் சமூகமான யார்க் ஃபாக்டரி முதல்குடியும் ஒரு பங்காளி.

எதைக் காப்பது

1936-இலேயே இது தேசிய வரலாற்றுத் தலம் என்று அறிவிக்கப்பட்டது. கவனியுங்கள், அப்போது மக்கள் அங்கே குடியிருந்தார்கள். 1968-இல் கம்பெனி இடத்தை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. தேசியப் பூங்காக்களையும் வரலாற்றுத் தலங்களையும் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா கிடங்கைத் தாங்கிப் பிடித்து, சுற்றிலும் அகழாய்வு செய்து வருகிறது.

பெரிய எதிரி ஆறுதான். ஒவ்வொரு வசந்தத்திலும் பனிக்கட்டி உடைந்து வரும்போது கரையை அறுத்துக்கொண்டு போகிறது. முந்தைய நிலையங்கள் இருந்த தரையில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆற்றுக்குள். உறைமண்ணும் இப்போது இளகி வருகிறது. அது உறைந்திருக்கும்வரை கரைக்கும் பிடிப்பு, கட்டடத்துக்கும் பிடிப்பு. சாலையில்லாத இடத்தில் அத்தனை நீளக் கரைக்குக் கல் கட்டுவது லேசான காரியமல்ல. அரிப்பு எட்டுவதற்கு முன் மண்ணுக்குள் இருப்பதை எடுத்துப் பதிவுசெய்வதுதான் செய்யக்கூடியதாக இருக்கிறது. கிடங்கை வேறு இடத்துக்கு நகர்த்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மண்ணில்லாமல் அந்தக் கட்டடத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

காகிதம் பத்திரமாக இருக்கிறது. கம்பெனி ஆவணங்கள் 1974-இல் லண்டனிலிருந்து வின்னிபெக் வந்தன. 1994-இல் மனிடோபாவுக்கே கொடையாயின. 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. ஆறு எந்தத் தேதியில் உறைந்தது, எப்போது உடைந்தது என்று 1714 முதல் எழுதிய குறிப்புகள் இன்று பருவநிலை ஆய்வாளருக்கு உதவுகின்றன. கம்பெனியின் தோல் கணக்கிலிருந்துதான் லின்க்ஸ் காட்டுப்பூனையும் பனிமுயலும் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் சுழற்சியை உயிரியலாளர்கள் கண்டறிந்தார்கள். கம்பெனி மட்டும் இப்போது இல்லை. அது நடத்திய, டொரொண்டோத் தமிழர்களும் கோட்டும் போர்வையும் வாங்கிய ‘த பே’ கடைகள் 2025 ஜூன் 1-ஆம் தேதியோடு எல்லாம் மூடப்பட்டன. அந்தக் கடையில் விற்ற பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலக் கோடு போட்ட கம்பளிப் போர்வை இந்த வணிகத்தின் சரக்குதான். ஓரத்தில் இருக்கும் சிறு கறுப்புக் கோடுகள் போர்வையின் அளவைக் குறிப்பவை. எத்தனை பீவர் தோல் என்பதை அல்ல.

காகிதமும் கட்டடமும் கம்பெனிக்காரர்கள் விட்டுச் சென்றவை. வாத்து எந்த வளைவில் இறங்கும், யார் வீடு எங்கே இருந்தது, எந்தக் கல்லறை யாருடையது என்பதை எல்லாம் அறிந்தவர்கள் 1957-இல் அங்கிருந்து புறப்பட்டுப் போனவர்கள். அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்களே இப்போது முதியவர்கள். கோடையில் அவர்களும் இளையவர்களும் கூட்டமாக அங்கே திரும்பிவந்து கூடாரமிட்டுத் தங்குவதுண்டு. பார்க்ஸ் கனடா கரைக்குச் செலவிட முடியாத பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தப் பயணங்களுக்கும், அங்கே அவர்கள் சொல்வதைக் கிரீ மொழியிலேயே பதிவுசெய்வதற்கும் கொடுக்கலாம். கட்டடம் இன்னும் சில பத்தாண்டு தாங்கக்கூடும். இவர்களுக்கு அத்தனை நாள் இல்லை.

யார்க் லேண்டிங் போக இன்றும் கோடையில் ஏரியைக் கடக்கும் ஃபெர்ரிப் படகு, குளிர்காலத்தில் ஏரியின் பனிமேல் போடும் பாதை. அங்கே வாழும் மக்கள் தங்கள் சமூகத்தின் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பழைய கரையை விட்டு வந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. பெயர்ப்பலகையில் இன்னும் யார்க் ஃபாக்டரி முதல்குடி என்றுதான் இருக்கிறது.